பாறைக்கு அடியில் குடைந்தது யார்? வாசகர் கேள்விகள், பாம்பன் டீச்சர் பதில்கள்

போன இதழில் நண்டைப் பற்றி வந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பாம்பன் வடகரையில் கல்மேடைக்கு அடியில் இருக்கும் பொந்துகளில் நண்டுகள் பகலெல்லாம் ஒதுங்கிக் கிடக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், நண்டை விட்டுவிட்டு எல்லோரும் பொந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான். பிறந்து வளர்ந்தது அந்தக் கல்மேடைக்குக் கூப்பிடு தூரத்தில். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அந்தக் கல்லுக்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: குடும்பத்தோடு ராமேசுவரம் போய்த் திரும்பும்போது பாம்பனில் இறங்கி வடபக்கக் கரையில் நடந்தோம். இடுப்பு உயரக் கல்மேடை ஒன்று கடலை ஒட்டிக் கிடந்தது. அதன் அடிப்பக்கம் உள்வாங்கி, என் ஏழு வயது மகன் குனிந்து தலையை நுழைக்கும் அளவுக்குக் குழிந்திருந்தது. "இது குகையாப்பா? யார் தோண்டினது?" என்றான். அலை தோண்டியது என்று சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா?
பரமக்குடி வாசகர்

பதில்: பாதி சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். மீதிப் பாதியை உங்கள் பையனுக்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கல் என்ன கல் என்று பார்ப்போம். அடுத்த முறை போகும்போது, மேடையின் விளிம்பில் புதிதாக உடைந்து வெளுப்பாக இருக்கும் இடமாகப் பார்த்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒரு இடத்தில் தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். பக்கத்திலேயே மூளையின் மடிப்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும் வரிகள். நடுவில் ஒரு சிப்பி, மூடிய வாயோடு அப்படியே புதைந்திருக்கும். இடைவெளியில் எல்லாம் மணலும் உடைந்த ஓடுகளும் சுண்ணாம்பால் ஒட்டி இறுகியிருக்கும். அது பவளப் பாறை. பழைய ஆட்கள் முருகைக்கல் என்பார்கள். பவள உயிரிகள் கட்டிய கூடுகள் சேர்ந்து சேர்ந்து உண்டான சுண்ணாம்புக்கல்.

பவளம் தண்ணீருக்குள்தான் வளரும். அப்படியானால் இடுப்பு உயரத்தில் வெயில் காயும் இந்தக் கல், ஒரு காலத்தில் கடலுக்குள் இருந்திருக்க வேண்டும். ராமநாதபுரம் கரையின் இந்த உயர்ந்த பவள மேடைகளைப் பற்றி 1972-ல் டேவிட் ஸ்டாடார்ட்டும் நம் நாட்டுப் பவள ஆய்வாளர் கோபிநாத பிள்ளையும் விரிவாக எழுதினார்கள். ராமேசுவரம் தீவின் கல்லுக்கு ஏறக்குறைய 4000 வயது என்று தெரிய வந்தது. மலைப் பாறைகளோடு ஒப்பிட்டால் பச்சைக் குழந்தை. இந்த 4000-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது குடைந்தது யார் என்பதற்கு வருவோம். பாடப் புத்தகத்தில் பாறைச் சிதைவு, அரிப்பு என்று இரண்டு சொல் வரும். பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். நான் வகுப்பில் சொல்வது இதுதான். வீட்டில் ஒரு பழைய சுவர் பொருபொருவென்று ஆகி, தொட்டால் கையோடு வருகிறதே, அது சிதைவு. கீழே கொட்டியதை விளக்கமாறால் கூட்டி வெளியே தள்ளுகிறோமே, அது அரிப்பு. கல் நின்ற இடத்திலேயே தளர்ந்துபோக வேண்டும், தளர்ந்ததை யாராவது அள்ளிக்கொண்டும் போக வேண்டும். இரண்டும் நடந்தால்தான் பள்ளம் விழும். அலை பெரும்பாலும் கூட்டித் தள்ளுகிற ஆள். தளர்த்துகிறவர்கள் வேறே இருக்கிறார்கள்.

முதல் ஆள் மழை. மழைத்தண்ணீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, லேசான புளிப்புத் தண்ணீராகிவிடும். கோலி சோடாவில் இருப்பது இதே வாயுதான், அங்கே கூடுதல், இங்கே மிகக் கொஞ்சம். வாயு இல்லாத சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 14 மில்லிகிராம் சுண்ணாம்புதான் கரையும். மண்ணின் வழியாக இறங்கி வாயுவைச் சேர்த்துக்கொண்ட தண்ணீரில் அதைப்போலப் பல மடங்கு கரையும். கரைந்ததைத் திரும்பப் பார்க்க வேண்டுமா? உங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, நாம் உப்பு என்று சொல்லித் தேய்க்கிறோமே, அதில் பெரும்பகுதி சுண்ணாம்பு. சூட்டில் வாயு வெளியே போனதும் சுண்ணாம்பு தண்ணீரை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. குகைகளில் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் இதே வழியில் வந்தவைதான், அங்கே சூடு கிடையாது, வாயு மட்டும் மெதுவாகப் பிரிந்துபோகும்.

இரண்டாவது ஆள் உப்பு. அலைத்திவலை கல்லின் துளைக்குள் போய்க் காய்கிறது. காயும்போது உப்பு மணியாக வளர்ந்து, துளையின் சுவரை உள்ளிருந்து நெம்புகிறது. நாளுக்கு நாள், நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, கல் பொடியாகிறது. தனுஷ்கோடிக்குப் போனவர்கள் அங்கே இடிந்து நிற்கும் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவர்களும் பவளக் கல்தான். 1964 டிசம்பர் புயல் கூரையை ஒரே இரவில் கொண்டுபோனது. சுவரை அன்றிலிருந்து உப்புக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கல்லில் குழி குழியாகத் தெரிவது அதுதான். அந்தச் சுவரில் பேர் கீறிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். உப்புக்கு நாமும் கூலி இல்லாத ஆளாகப் போக வேண்டுமா?

மூன்றாவது, உயிர்கள். பாசி கல்லுக்குள் வேர்போல இறங்கும். தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன நத்தை அந்தப் பாசியைச் சுரண்டும்போது கல்லையும் சேர்த்துச் சுரண்டும். இதைப் பற்றிக் கீழே இன்னொரு கேள்வி வந்திருக்கிறது, அங்கே சொல்கிறேன்.

அப்புறம்தான் அலை. கல்லின் வெடிப்புக்குள் அலை பாயும்போது உள்ளே இருக்கும் காற்று நசுங்கும், அலை திரும்பும்போது அந்தக் காற்று வெடுக்கென்று விரியும். உங்கள் மகன் தலையை நுழைத்தானே, அப்போது உள்ளே குளுக் குளுக் என்று சத்தம் கேட்டிருக்கும். அந்தச் சத்தம்தான் அது. அலையோடு வரும் மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். தளர்ந்த துண்டுகளை அலை உருவிக்கொண்டு போகும்.

எங்கள் கரையில் இதில் ஒரு விசேஷம் உண்டு. பாக்கு நீரிணைப் பக்கம், அதாவது வடகடல், வருடத்தில் முக்கால்வாசி நாள் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்தால்தான் அந்தப் பக்கம் அலை வரும். நம் மாவட்டத்தின் மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் பெய்கிறது. கரைக்கிற மழையும் கூட்டித் தள்ளுகிற அலையும் வடகரைக்கு ஒரே சமயத்தில் வந்து சேர்கின்றன. மற்ற மாதங்களில் வெயிலும் உப்பும் பார்த்துக்கொள்ளும். அந்தக் கல்லுக்கு ஓய்வே கிடையாது.

குழிவு ஏன் அடியில் மட்டும்? கடல் தண்ணீரின் ஏற்ற இறக்கம் எங்கள் பக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் நனைவதும் காய்வதும் சுரண்டுவதும் அலை அடிப்பதும் எல்லாம் ஒரு சின்னப் பட்டைக்குள் அடங்கிவிடுகின்றன. அந்தப் பட்டை மட்டும் உள்ளே போகிறது, மேல்பாகம் கூரையாக நிற்கிறது. செய்ஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவிலும் இதே மாதிரி பவள மேடைகள் உண்டு. அங்கே அளந்து பார்த்ததில் கல் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தேய்கிறது என்று கண்டார்கள். அந்தக் கணக்கை இங்கே போட்டால் ஆயிரம் வருடத்துக்கு ஒரு மீட்டர். ஒரு சிறுவன் தலை நுழையும் குழிவுக்குச் சில நூறு வருடமே போதும், 4000 வயதுக் கல்லில் அதற்கு நேரம் தாராளமாக இருந்திருக்கிறது.

மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: இது குகையின் தொடக்கம். மழை, உப்பு, நத்தை, அலை நாலு பேரும் சேர்ந்து தோண்டினார்கள், இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: டீச்சர், மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. கடலில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, அது ஏன் கரைப்பதில்லை? கரைத்திருந்தால் பவளத் தீவு எல்லாம் எப்போதோ காணாமல் போயிருக்க வேண்டுமே?
பத்தாம் வகுப்பு மாணவி, தொண்டி

பதில்: கண்ணு, இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளை வகுப்பில் இருந்தால் டீச்சருக்குச் சாப்பாடு வேண்டாம். நிதானமாகப் படி.

நம் பக்கத்து மேல்மட்டக் கடல் நீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைந்து தளும்பிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பவளமும் சிப்பியும் சங்கும் அதிலிருந்தே எடுத்து ஓடு கட்டுகின்றன. மண்டபம், ராமேசுவரம் கரைகளில் மணலே கல்லாக இறுகி, பாளம் பாளமாகக் கிடக்கும் இடங்கள் உண்டு. அங்கே மணலை ஒட்டவைத்த பசை சுண்ணாம்புதான். கொடுக்கிற நிலையில் இருக்கும் தண்ணீர் வாங்காது. அதனால் வெறும் கடல் நீர் கல்லை வேகமாகக் கரைக்காது.

இனிமேல்தான் சுவாரசியம். தீவில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி எங்கே போகிறது? தனுஷ்கோடியில் நம் பெண்கள் கடலுக்குக் கல்லெறி தூரத்தில் மணலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, உட்கார்ந்து, சிரட்டையால் நல்ல தண்ணீர் மொள்வதைப் பார்த்திருக்கிறாயா? இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் குடிக்கிற தண்ணீர். நான் சின்ன வயதில் அம்மாவோடு போய் அந்த மாதிரி ஊற்றில் மொண்டிருக்கிறேன். சிரட்டையை அழுத்தாமல், மேலாக, சாய்த்து மொள்ள வேண்டும் என்று அம்மா கையைப் பிடித்துக் காட்டுவார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கரித்துவிடும். காரணம், நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை கூடுதல். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. வித்தியாசம் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். அதனால் நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே நாற்பது அடி வரை இறங்கி நிற்கும் என்பது கணக்கு. தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே கிணறு இருக்கிறது, தண்ணீர் இனிக்கிறது. ராமர் வில்லை ஊன்றியதால் வந்தது என்பது நம் பெரியவர்கள் சொல்லும் கதை. தீவுக்குள் மிதக்கும் நல்ல தண்ணீர் கரைப் பக்கம் கசிந்து வெளியேறும் இடங்களில் இப்படி இனிப்பு நீர் கிடைக்கும்.

சரி, மேலே நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர். இரண்டும் தொடுகிற இடத்தில் கலக்கும். நல்ல தண்ணீர் கல்லுக்குள் ரொம்ப நாள் தங்கிவிட்டதால் அதுவும் சுண்ணாம்பு போதும் போதும் என்ற நிலையில் இருக்கிறது, கடல் நீரும் அப்படித்தான். வயிறு நிறைந்த இரண்டு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்ததும் மறுபடி பசி எடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் அங்கே நடக்கிறது. கலந்த தண்ணீர் கல்லைக் கரைக்கத் தொடங்கிவிடும்.

எப்படி என்று கேட்பாய். ஒரு நோட்டில் போட்டுப் பார். ஒரு பங்கு சுண்ணாம்பு கரைந்து நிற்க ஒரு பங்கு கரியமில வாயு வேண்டும் என்று வைத்துக்கொள். இரண்டு பங்கு நிற்க வாயு இரண்டு பங்கு போதாது, எட்டுப் பங்கு வேண்டும். மூன்று பங்குக்கு 27. இப்போது முதல் தண்ணீரையும் மூன்றாவது தண்ணீரையும் ஒரே அளவு எடுத்துக் கல. சுண்ணாம்பு ஒன்றும் மூன்றும் சேர்ந்து சராசரி இரண்டு. வாயு ஒன்றும் 27-ம் சேர்ந்து சராசரி 14. இரண்டு பங்கு சுண்ணாம்பைத் தாங்க எட்டே போதும். ஆறு மிச்சம். அந்த மிச்ச வாயு சும்மா இருக்குமா? புதுக் கல்லைக் கரைக்கும். கடல் நீரில் உள்ள மற்ற உப்புகளும் இதில் சேர்ந்துகொள்ளும், அந்தக் கணக்கை நீ கல்லூரிக்குப் போய்ப் படிப்பாய். இரண்டு நிறைந்த தண்ணீர் கலந்தால் மறுபடி கரைக்கும் என்று தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஆல்ஃபிரட் போக்லி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். எழுதிய வருடம் 1964. அந்த வருடக் கடைசியில்தான் தனுஷ்கோடி போனது. அதனால் எனக்கு இந்த வருடம் மறக்காது.

இதை வைத்து 1990-ல் ஜான் மைல்ரோய், ஜேம்ஸ் கேரியு என்ற இருவர் பஹாமாஸ் தீவுகளின் குகைகளுக்கு விளக்கம் சொன்னார்கள். மிதக்கும் நல்ல தண்ணீர் கரை ஓரத்தில் மெலிந்து முடிகிற விளிம்பில்தான் கரைப்பு அதிகம். அங்கே பாறைக்குள்ளேயே அறை அறையாகக் குகை உண்டாகிறது. முதலில் அதற்கு வாசலே இருக்காது. உள்ளே ஒரு ஆறும் ஓடியிருக்காது, வெளியிலிருந்து ஒரு அலையும் நுழைந்திருக்காது. ரொம்பக் காலம் கழித்து, வெளிப்பக்கப் பாறை அரிபட்டு விழும்போதுதான் துவாரம் தெரியும். பார்க்கிற நாம் அலை குடைந்த குகை என்று நினைத்துக்கொள்வோம். அலை கதவை மட்டும்தான் திறந்தது.

கேள்வி: கரையில் பொறுக்கிய பவளத் துண்டில் டிரில் போட்ட மாதிரி வட்டத் துளைகள். யார் வேலை?
ஏர்வாடி வாசகர்

பதில்: கல் துளைக்கும் மட்டிதான் பெரும்பாலும். விரல் நீளம், பேரீச்சம்பழ நிறம், பேரீச்சம்பழ வடிவம். குஞ்சாக இருக்கும்போது சுண்ணாம்புக்கல்லில் உட்கார்ந்து, தன் உடம்பிலிருந்து சுரக்கும் நீரால் கல்லைக் கரைத்து உள்ளே போய்விடும். உள்ளே வளர வளரத் துளையும் பெரிதாகும், வாசல் மட்டும் சின்னதாகவே நிற்கும். பிறகு வெளியே வர முடியாது, வாழ்நாள் முழுக்க அங்கேதான். உடைந்த கல்லின் துளைக்குள் சில சமயம் அதன் இரட்டை ஓடு இன்னும் பொருத்தமாக உட்கார்ந்திருக்கும், பாருங்கள்.

குண்டூசி குத்திய மாதிரி நெருக்கமான சின்னத் துளைகள் என்றால் அது துளைக்கும் கடற்பஞ்சு. சுண்ணாம்பைப் பொடிச் செதிலாகச் செதுக்கி வெளியே தள்ளும். கிண்ணம் மாதிரி குழி என்றால் கடல் முள்ளெலி பல்லால் சுரண்டியது. இவை ஒவ்வொன்றும் செய்யும் வேலை சின்னதுதான். ஆனால் துளை விழுந்த கல்லை உடைக்க அலைக்குப் பாதி பலம் போதும்.

கேள்வி: அந்தமானில் பாரதாங் தீவுக் குகைக்குப் போய் வந்தோம். படகில் சதுப்புக் காட்டு ஓடை வழியாகப் போய், உள்ளே நடந்தால் தலைக்கு மேல் கல்விழுதுகள் தொங்குகின்றன. அதுவும் சுண்ணாம்புக்கல் தீவு, நம்முடையதும் சுண்ணாம்புக்கல் தீவு. நம் ராமநாதபுரம் கரையில் மட்டும் ஏன் அப்படி ஒன்று இல்லை?
ராமநாதபுரம் வாசகர்

பதில்: கல் இருந்தால் மட்டும் போதாது, உயரமும் மழையும் காலமும் வேண்டும். அந்தமானில் வருடத்துக்கு 3000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. நமக்கு 800 வந்தால் கண்மாய் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். கரைக்கிற ஆளே கால்வாசிதான் வருகிறார். அங்கே காடு, இலைச்சருகு, ஈர மண். மண்ணில் அழுகும் சருகிலிருந்துதான் தண்ணீருக்குக் கூடுதல் வாயு கிடைக்கும். இங்கே உடைமரமும் பனையும் மணலும்.

உயரம் அதைவிட முக்கியம். நம் மேடை இடுப்பு உயரம். ஆள் நுழையும் குகை உண்டாக வேண்டுமானால் அதற்கு மேல் கூரையாக நிற்கவும் கல் வேண்டும். இங்கே கொஞ்சம் குடைந்ததுமே கூரை பாரம் தாங்காமல் பலகையாக முறிந்து விழுந்துவிடுகிறது. கரையோரமாகச் சாய்ந்து கிடக்கும் பெரிய பெரிய பாளங்கள் எல்லாம் அப்படி விழுந்தவைதான். தென்கடலில் அலை பலமாக வருமே என்பீர்கள். கச்சான் காற்றில், அதாவது தென்மேற்குக் காற்றில், வரும்தான். ஆனால் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக நிற்கும் தீவுகளும் அவற்றைச் சுற்றிக் கடலுக்குள் இருக்கும் பவளத் திட்டுகளான பார்களும் அந்த அலையின் முதல் அடியைத் தாங்கிக்கொள்கின்றன.

காலமும் அப்படித்தான். ஆந்திராவில் பேலம் குகை 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்தச் சுண்ணாம்புக்கல் நம் மேடை மாதிரி ஆயிரக் கணக்கில் எண்ணுகிற கல் இல்லை, கோடிக் கணக்கில் வருடம் எண்ண வேண்டிய கல்.

கடலுக்கு அடியில் குகை இருக்காதா என்று அடுத்துக் கேட்பீர்கள். உலகத்தில் நிறைய இருக்கிறது. ஏறக்குறைய 20,000 வருடங்களுக்கு முன்பு, பனிக்காலம் உச்சத்தில் இருந்தபோது, கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் போலக் கீழே இருந்தது. பாக்கு நீரிணை முழுக்க அப்போது தரை. மன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம். அந்தக் காலங்களில் உலகெங்கும் கரையோரச் சுண்ணாம்புக்கல்லில் மழைத்தண்ணீர் ஆழமாக இறங்கிக் குகை குடைந்தது. பிறகு பனி உருகிக் கடல் ஏறி அவற்றை மூடிவிட்டது. பெலிஸ் நாட்டுக் கடலில் பெரிய நீலக்குழி என்று ஒன்று இருக்கிறது. 300 மீட்டர் அகலம், 120 மீட்டருக்கும் மேல் ஆழம். அதற்குள் தண்ணீருக்கு அடியில் கல்விழுதுகள் தொங்குகின்றன. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழக் காற்று இருந்தால்தான் விழுது உண்டாகும். கடலுக்குள் சொட்ட முடியாது. அந்த இடம் ஒரு காலத்தில் காய்ந்த குகையாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கேள்வி: எங்கள் பாட்டி காலத்து வீடு. சுவர் பவளக் கல். அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை எப்போதும் பொடிந்து கொட்டுகிறது. இரண்டு முறை சிமென்ட் பூசிப் பெயிண்ட் அடித்தோம், ஒரே வருடத்தில் பெயர்ந்து வருகிறது. இது குகைக் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.
கீழக்கரை வாசகி

பதில்: மன்னிப்பு எதற்கு அம்மா, இதுதான் குகைக் கேள்வி. பாம்பன் மேடைக்கு அடியில் நடப்பதுதான் உங்கள் கூடத்திலும் நடக்கிறது.

தரையிலிருந்து உப்பு ஈரம் கல்லின் துளைகள் வழியாக விளக்குத்திரி எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறுகிறது. முழங்கால் உயரத்தில் காற்றுப் பட்டுக் காய்கிறது. அங்கே உப்பு மணியாகி நெம்புகிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்த காலத்தில் ஈரம் அதன் வழியாகவே வெளியே போனது. உப்பும் பூச்சின் மேல் பூத்தது, வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்கும்போது சுரண்டிவிட்டு அடித்தார்கள். பூச்சு கெட்டது, கல் பிழைத்தது. சிமென்ட் இறுக்கமானது. ஈரத்தை வெளியே விடாது. உப்பு சிமென்டுக்குப் பின்னால், கல்லின் முகத்திலேயே காய்கிறது. பெயர்ந்து விழும்போது பூச்சு மட்டும் விழுவதில்லை, கல்லின் ஒரு தோலையும் பிய்த்துக்கொண்டு விழுகிறது. விழுந்த பூச்சைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளையாகத் தேன்கூட்டு அச்சு ஒட்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் நான் இதே தப்பைச் செய்தேன். வேலைக்கு வந்தவர் சிமென்ட்தான் உறுதி என்றார், கரை மணலையே கலந்து பூசியும்விட்டார். கரை மணலில் உப்பு நிறைய. இரண்டு மழைக்காலத்தில் அப்பா கட்டிய சுவர் இரண்டு விரல்கடை உள்வாங்கிவிட்டது. சுவரைத் தடவிப் பார்த்து அழுதேன். பிறகு சிமென்டை முழுக்கக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, ஆற்று மணலும் நீற்றின சுண்ணாம்பும் சேர்த்துப் பூசினோம். வெளியே மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வாய்க்கால் வெட்டினோம். இப்போதும் உப்புப் பூக்கிறது, ஆனால் பூச்சின் மேல்தான் பூக்கிறது. தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார்கள் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள், தேடிப் பிடியுங்கள்.

கேள்வி: மேடையில் ஏற்கெனவே உடைந்து கிடக்கும் கல்தானே, இரண்டு எடுத்து மீன்தொட்டிக்குள் வைத்தால் என்ன?
மதுரை வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. சட்டப்படியே பவளம் எடுக்கக் கூடாது. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-லிருந்து தேசியப் பூங்கா.

சட்டத்துக்கு முந்தின கதையும் சொல்ல வேண்டும். என் அப்பா வல்லத்தில் போய்ப் பாரிலிருந்து கல் எடுத்து வந்து சுண்ணாம்புக் காளவாய்க்குப் போட்டவர். நான் படித்தது அந்தக் காசில். அப்போது கரை முழுக்க அதுதான் பிழைப்பு. கடலில் கல்லுக்கு முடிவே கிடையாது என்று நினைத்தார்கள். பார் தேய்ந்த இடங்களில் அலை நேராகக் கரைக்கு வந்தது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. கல் அள்ளியது அதற்கு முக்கியக் காரணம். அப்பா கடைசிக் காலத்தில் கரையில் உட்கார்ந்து, இன்ன இடத்தில் இவ்வளவு கல் எடுத்தோம் என்று எனக்குக் கை நீட்டிக் காட்டுவார். நான் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

உடைந்து கிடக்கும் கல்லும் சும்மா கிடக்கவில்லை. மேடையின் காலடியில் விழுந்த பாளம் அடுத்த அலையை முதலில் வாங்கிக்கொள்கிறது, பின்னால் இருக்கும் குழிவுக்கு அதுதான் தடுப்பு.

பார்க்கப் போகிறவர்களுக்கு: மாசி, பங்குனியில் வடகடல் அமைதியாக இருக்கும்போது, தண்ணீர் வற்றும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், செருப்பைக் கழற்றாதீர்கள். கூரைக்கு அடியில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுக்க வேண்டாம், கையை மட்டும் உள்ளே விட்டுப் பாருங்கள். மேலே கரடுமுரடாக, ஊசி ஊசியாகக் குத்தும். உள்ளே போகப் போக வழவழவென்று ஆகும், அங்கேதான் அலையும் நத்தையும் இன்றைக்கு வேலை செய்துகொண்டிருக்கின்றன. தொண்டிப் பிள்ளைக்குத் தனியாக ஒன்று: எலுமிச்சம்பழம் பிழிந்து நுரை வருகிறதா என்று பார்க்க ஆசையாக இருந்தால் மேடையில் பிழியாதே. வீட்டில் மட்டிக் குழம்பு வைத்த அன்று ஒரு ஓட்டைக் கழுவி எடுத்துவைத்துக்கொள், அது போதும்.